எந்த இடத்தில் கைதட்டுவது? பிரேக்கிங் பார்க்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

போன ஆடி மாதம் தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று இரவு, மேடையில் ஒரு பையன் தனியாக பிரேக்கிங் ஆடினான். பதினெட்டு வயது இருக்கும். மொத்தமே நாற்பது விநாடிதான். நின்றபடி கொஞ்சம் ஆடி, சட்டென்று தரையில் இறங்கி, ஊன்றிய கைகளைச் சுற்றிக் கால்களைப் பின்னிப் பின்னி ஓடவிட்டு, கடைசியில் தலையை ஊன்றி நாலு சுற்று சுற்றினான். அந்த நாலு சுற்றுக்கு விசில் பறந்தது. அதற்கு முந்தைய முப்பது விநாடியும் கூட்டத்தில் பாதிப் பேர் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெனரேட்டர் பக்கம் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனிடம் போய், நல்லா ஆடினே தம்பி என்றேன். "தலைல சுத்துனத ஆறு மாசத்துல கத்துக்கினேன்ணா. கீழ எறங்குனேன் பாருங்க, அதுக்கு ரெண்டு வருசம் ஆச்சு. அத ஒருத்தரும் பாக்கலயே" என்றான்.

அவன் சொன்னது எனக்கு உறைத்தது. நம் பகுதி ஆட்களுக்குப் பார்வை இல்லாமல் இல்லை. வியாசர்பாடியில் பந்தாட்டம் பார்க்கிறவர் கோல் விழுந்தால் மட்டுமா கத்துகிறார்? கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் பெரியவர், காய் குழியில் விழாத அடிக்கும் தலையாட்டுவார். ஸ்ட்ரைக்கர் போய் நின்ற இடம் அவருக்குக் கணக்காகத் தெரியும். அதே கண்ணை பிரேக்கிங் பக்கம் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. இருபது வயதில் இரண்டு வருடம் நானும் மொட்டை மாடியில் இதைப் பழகினேன். மணிக்கட்டில் அடிபட்டு நிறுத்திய பிறகு இத்தனை வருடமாகப் பார்வையாளனாகவே இருக்கிறேன். புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு எதை முதலில் சொல்வேனோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

எண்பதுகளிலிருந்தே நம் ஊரில் 'பிரேக் டான்ஸ்' என்ற சொல் புழங்குகிறது. உடம்பை ரோபோ மாதிரி வெட்டி வெட்டி அசைத்தாலும் பிரேக் டான்ஸ், கால் தூக்காமல் பின்னால் வழுக்கிப் போனாலும் பிரேக் டான்ஸ். அவையும் அருமையான ஆட்டங்கள்தான், ஆனால் வேறு குடும்பம். தசையை வெடுக்கென்று இறுக்கி விடுவது பாப்பிங். ஆடிக்கொண்டே வந்து பூட்டுப் போட்டதுபோல் நிற்பது லாக்கிங். இரண்டும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிஃபோர்னியாவில் வளர்ந்தவை. லாக்கிங்கைத் தொடங்கி வைத்தவர் லாஸ் ஏஞ்சலஸில் ஆடிய டான் கேம்பல். 1983இல் மைக்கேல் ஜாக்சன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் செய்து புகழடைந்த மூன்வாக், பாப்பிங் குடும்பத்தைச் சேர்ந்தது.

நாம் பேசப்போவது தரையில் இறங்கும் ஆட்டத்தை. அதன் பெயர் பிரேக்கிங். ஆடுகிற பையன் பி-பாய், பெண் பி-கேர்ள். பிறந்த இடம் நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதி. 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிண்டி கேம்பல் என்ற பெண், பள்ளி திறப்பதற்கு முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு விருந்து வைத்தார். அதற்கு இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம். கூல் ஹெர்க் என்ற பெயரில் உலகம் அவரை அறியும். வசதியில்லாத பகுதி, சொந்தமாக ஒலிபெருக்கி வைத்திருப்பவன் கொடுக்கும் கொண்டாட்டம், வாசலில் சேரும் இளவட்டம் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு ஒன்றும் தூரத்துக் கதை இல்லை.

முதல் வேலை காதுக்கு

பிரேக் என்றதும் எலும்பு முறிவதோ உடைப்பதோ நினைவுக்கு வரும். இங்கே அது பாட்டில் வரும் ஓர் இடத்தின் பெயர். பாடகர் நிறுத்திவிடுவார், ஊதுகருவிகள் அடங்கிவிடும், டிரம்ஸ் மட்டும் தனியே சில விநாடி ஓடும். அதுதான் பிரேக். ஆடுகிறவர்கள் அந்த இடத்துக்காகவே காத்திருந்து உள்ளே குதிக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் அதே இடத்தை ஓடவிட்டார். சில விநாடி நிமிடக்கணக்கில் நீண்டது. அந்த நீட்டலுக்குள் வளர்ந்ததுதான் இந்த ஆட்டம்.

இது வடசென்னைக்காரருக்குப் புதிதா? ஊர்வலத்தில் பேண்டு செட் ஒரு பாட்டை வாசித்துக்கொண்டே வரும். ஓரிடத்தில் பாட்டை விட்டுவிட்டு மேளம் மட்டும் பிடித்து அடிப்பார்கள். அதுவரை ஓரமாக நடந்து வந்தவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்குவது அந்த இடத்தில்தான். பறை அடி கேட்டு வளர்ந்த காதுக்கு பிரேக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அடையாளம் காட்டினால் போதும்.

முதல் மூன்று நாள் ஆட்டமே பார்க்காதீர்கள், கேளுங்கள். ஜேம்ஸ் பிரவுன் பாடிய பழைய ஃபங்க் பாட்டுகளில் எதையாவது போடுங்கள். பி-பாய்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் இசை அது. கனமாக 'டும்' என்று வருவதற்குத் தொடையில் தட்டுங்கள், 'டக்' என்று வெடிப்பதற்குக் கைதட்டுங்கள். பிறகு ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணி, மறுபடி ஒன்றுக்கு வாருங்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள் இந்த எண்ணிக்கை உடம்பில் ஏறிவிடும். எண்ணாமலே 'ஒன்று' எங்கே விழுகிறது என்று தெரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். இதைத் தாண்டிவிட்டு நேராகக் காணொளி பார்க்கப் போகிறவருக்கு, எத்தனை வருடம் பார்த்தாலும் சர்க்கஸ்தான் தெரியும்.

நின்று ஆடும் பகுதி

டாப்ராக் என்பார்கள். ஆள் உள்ளே வந்து தரையில் இறங்கும் வரை நின்றபடி போடும் அடிகள். காலை முன்னால் குறுக்கே வைத்து எடுப்பது, கைகளை விரித்து மூடுவது என்று எளிமையாகத் தெரியும். இங்கே தோள்பட்டையைப் பாருங்கள். கால் தாளத்தில் இருப்பது எல்லாருக்கும் வந்துவிடும். தோளும் கழுத்தும் அதே தாளத்தில் இளகி இருந்தால் ஆட்டக்காரர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். இறுகி இருந்தால் அடுத்து போடப்போகும் சாகசத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இறங்குவது

நம் பையன் இரண்டு வருடம் பழகியது இதைத்தான். நிற்கும் நிலையிலிருந்து தரைக்குப் போகும் வழிக்கு கோ-டவுன் என்று பெயர். ஒரு காலை மற்றதன் பின்னால் மடக்கித் திருகி இறங்கலாம், சுழன்றபடியே உட்காரலாம், கையை முன்னே விட்டுச் சரியலாம். ஆறடி உயரத்தில் இருக்கும் உடம்பு ஒரு விநாடிக்குள் தரைக்கு வந்து, நிற்காமல் ஆட்டத்தைத் தொடர வேண்டும்.

அதைச் சோதிக்க உங்கள் காதே போதும். கை தரையில் பட்ட சத்தம் கேட்டதா? முழங்கால் இடித்ததா? கேட்டால் எடை விழுந்திருக்கிறது. கேட்கவில்லை என்றால் எடையை வழியெல்லாம் அவரே தாங்கி இறக்கி வைத்திருக்கிறார். தலையில் தண்ணீர்க் குடம் தூக்கி வருகிறவர் அதை இறக்கி வைப்பதைப் பார்த்திருப்பீர்களே, ஒரு சொட்டுச் சிந்தாமல், தரையில் 'டங்' என்ற ஒலி இல்லாமல், அந்தப் பக்குவம். இந்த இடத்துக்கு ஒரு கைதட்டல் கொடுக்கப் பழகுங்கள்.

தரையில் கால்வேலை

ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. ஃபுட்வொர்க் என்பார்கள். சிலம்பத்தில் சுவடு எப்படியோ, பரதத்திலும் பறையாட்டத்திலும் அடவு எப்படியோ, அப்படி இதற்கு அடிப்படை சிக்ஸ் ஸ்டெப். கைகளை ஊன்றிக் குந்திய நிலையில், ஆறு எட்டு எடுத்து வைத்து, கால்கள் உடம்பைச் சுற்றி ஒரு முழு வட்டம் வரும். கால் கடக்கும்போது அந்தப் பக்கத்துக் கை எழுந்து வழிவிட்டு, கடந்ததும் திரும்ப ஊன்றும்.

காசிமேட்டில் அந்தப் பையன் பழகும் மாடிக்கு ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போனேன். எட்டு மணிக்கு மேல் தரை உள்ளங்கையைச் சுடும் என்பதால் அந்த நேரம். சொரசொரப்பான சிமென்ட் தளத்தில் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கவிழ்த்து விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தான். கடல் காற்றில் பேனர் ஈரம் பூத்திருந்தது. பழைய லுங்கித் துண்டால் துடைத்தான், ஒரு முறை ஆடினான், மறுபடி துடைத்தான். தன் வேர்வை பட்ட இடத்தில் கை வழுக்கினால் முதலில் போவது மணிக்கட்டுதான்.

நான் தரையோடு தரையாகக் குனிந்து அவன் கைகளை மட்டும் பார்த்தேன். உள்ளங்கை முழுதும் அப்பிக் கிடக்கவில்லை. விரல்கள் விரிந்து, எடை விரல்களின் அடிப்பகுதியில் நின்றது. மணிக்கட்டுக்கு மேலே உள்ளங்கை மேட்டில் இரண்டு கையிலும் ஒரே அளவில் காய்ப்பு. கால் வருவதற்கு ஒரு நொடிப்பொழுது முன்புதான் கை எழுந்தது. சீக்கிரம் எழுந்தால் இடுப்பு தொங்கிவிடும், தாமதித்தால் கால் கையில் மோதும். இடுப்பு தரைக்கு ஒரு சாண் மேலே ஒரே உயரத்தில் வட்டம் வந்தது. சோர்ந்துபோன ஆட்டக்காரரை இடுப்பே காட்டிக்கொடுக்கும், உட்காருவதுபோல் தணிந்துவிடும். பாதி வேகத்தில் செய்து காட்டச் சொன்னேன். செய்தான், கை நடுங்கியது. "வேகமா போனா வேகமே இழுத்துக்கினு போய்டும்ணா. மெதுவா பண்றதுதான் பேஜாரு" என்றான்.

இதிலே ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் பார்க்கும் விதமே மாறும். சிக்ஸ் ஸ்டெப்புக்கு ஆறு அடி. பாட்டு ஓடுவது எட்டில். தட்டுக்கு ஓர் அடி என்று வைத்தால், முதல் வட்டம் முடியும்போது பாட்டு ஆறில் இருக்கும், இரண்டாம் வட்டம் ஏழில் தொடங்கும். ஆட்டமும் பாட்டும் ஒன்றையொன்று விட்டு விலகிக்கொண்டே போகும். நாலு வட்டம் சுற்றினால் இருபத்து நாலு அடி, பாட்டில் சரியாக மூன்று எட்டு. அங்கே இரண்டும் மறுபடி சந்திக்கும். தேர்ந்தவர் இந்தச் சந்திப்புக்குக் காத்திருந்து அங்கே ஒரு வெட்டு வெட்டுவார். அல்லது ஆறு அடி போட்டுவிட்டு மீதி இரண்டுக்கு ஓர் உதையோ திரும்பலோ வைத்து நிரப்பி, ஒவ்வொரு 'ஒன்று'க்கும் வீடு வந்து சேருவார். மிருதங்கம் தீர்மானம் வைத்து சமத்தில் வந்து விழும்போது சபையில் ஒரு பெருமூச்சு எழுமே, அதே சுகம் இதிலும் உண்டு. தரையிலே நடக்கிறது என்பதால் நாம் குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே காணொளியை மூன்று முறை பார்க்கச் சொல்வேன். முதல் முறை கால்களை மட்டும். இரண்டாவது முறை கைகளை மட்டும். மூன்றாவது முறை இடுப்பை மட்டும். மூன்றாவதில் பிடிபடும்.

அசையாமல் நிற்பது

ஃப்ரீஸ். ஓடிக்கொண்டிருந்த உடம்பு ஒரு தட்டில் உறைவது. ஆரம்பத்தில் பழகுவது பேபி ஃப்ரீஸ்: ஒரு முழங்கையை விலாவுக்குக் கீழே இடுப்பில் குத்தி ஊன்றி, அடுத்த கையும் தலையின் பக்கவாட்டும் தரையைத் தொட, கால்களைத் தூக்கி ஒரு முட்டியை முழங்கை மேல் நிறுத்துவார்கள். சின்னக் குழந்தைபோல் சுருண்டிருக்கும். வளர்ந்தவர்கள் தலையைத் தரையில் வைக்காமலே ஒற்றைக் கையில் நிற்பார்கள்.

எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று எண்ணாதீர்கள். எந்தத் தட்டில் நின்றார் என்று கேளுங்கள். 'டக்' வெடித்த அதே கணத்தில் உடம்பு நின்றால் அது ஃப்ரீஸ். வெடித்து முடிந்து அரை விநாடி கழித்து நின்றால் சமாளிப்பு. கால் கட்டைவிரல் ஆடுகிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். நிஜமாக நின்ற உடம்பில் கால் நுனியும் நிற்கும். கைதட்டலை வாரி வழங்க வேண்டிய இடம் இதுதான். சுற்றிலும் நிற்கும் பி-பாய்கள் 'ஓ' என்று கையை நீட்டிக் கத்துவது பெரும்பாலும் இங்கேதான் என்பதைப் பார்ப்பீர்கள்.

பவர் மூவ்

உடம்பு முழுதும் சுழலும் சாகசங்கள். எல்லாருக்கும் தெரிந்த பகுதி, அதனால் சுருக்கமாக. விண்ட்மில்லில் தோள், முதுகு, மறு தோள் என்று உருளும்போது கால்கள் இரண்டும் அகல விரிந்து வட்டமடிக்கும். உடம்பைச் சுழற்றுவது அந்தக் கால்களின் வீச்சு. இடுப்பு தணிந்தால் கால் தரையில் தட்டி ஓட்டம் சாகும். ஃபிளேர் என்பது கைகளை மாற்றி மாற்றி ஊன்றி, விரித்த கால்களை உடம்பைச் சுற்றி வீசுவது. ஜிம்னாஸ்டிக்ஸில் பாம்மல் ஹார்ஸ் என்ற கைப்பிடி வைத்த சாதனத்தின் மேல் செய்வது. அமெரிக்க வீரர் கர்ட் தாமஸ் எழுபதுகளில் அதைப் புகழ்பெறச் செய்தார். கைப்பிடி கிடையாது, மெத்தை கிடையாது, வெறும் தரையில் பாட்டோடு அதைச் செய்கிறார்கள். தலையை ஊன்றிச் சுற்றும் ஹெட்ஸ்பின்னில் கால்களை விரித்துச் சுற்ற ஆரம்பித்து, உள்ளே இழுக்க இழுக்க வேகம் ஏறும். கையால் தள்ளிச் சுற்றிவிட்ட குடை ராட்டினத்தில் இருப்பவர்கள் நடுப்பக்கம் நகர்ந்து வந்தால் சுழற்சி கூடுகிற அதே விதி.

நல்லதையும் சுமாரையும் பிரிப்பது, சுற்றுக்கு உள்ளே போகும் வாசலும் வெளியே வரும் வாசலும். கால்வேலையிலிருந்து தடங்கல் இல்லாமல் சுற்றுக்குள் நழுவி, சுற்றிலிருந்து நேராக ஒரு ஃப்ரீஸில் வந்து நின்றால் பெரிய ஆட்டக்காரர். நின்று, மூச்சு வாங்கி, இடம் பார்த்து, பிறகு சுற்றினால் இன்னும் பழக வேண்டியிருக்கிறது.

பத்து நிமிடம் நீங்களே கையை ஊன்றுங்கள்

இதைச் செய்யாமல் பார்வை முழுமையாகாது. ஆட வேண்டாம், எடை எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். மணிக்கட்டு, தோள், கழுத்தில் ஏற்கெனவே வலி இருப்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

மணிக்கட்டை இரண்டு பக்கமும் சுழற்றிச் சூடாக்குங்கள், இரண்டு நிமிடமாவது. நான் அதைச் செய்யாமல் இறங்கிய ஒரு மழைநாள் காலைதான் என் ஆட்டத்தின் கடைசி நாள். பிறகு குந்தி உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் முன்னால் ஊன்றி, குதிகாலைத் தூக்குங்கள். இடுப்பைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்து, ஒரு கையை எடுங்கள். பத்து வரை எண்ணுங்கள். கை மாற்றுங்கள். இப்போது பாட்டைப் போட்டு, எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே அதே நிலையில் கைமாற்றிக் கைமாற்றி ஒரு நிமிடம் இருங்கள். தொடை எரியும், மூச்சு எண்ணிக்கையை விட்டு ஓடும். இதே நிலையில் கால்களும் ஓடி, முகத்தில் கடுகடுப்பு தெரியாமல், எதிராளி முறைத்துக்கொண்டு நிற்க, தெரியாத பாட்டுக்கு ஒருவர் ஒரு நிமிடம் ஆடுகிறார் என்று அப்போது தெரியும்.

ஹெட்ஸ்பின்னை மட்டும் வீட்டில் முயலவே வேண்டாம், பிள்ளைகளையும் விடாதீர்கள். கழுத்தைப் பலப்படுத்திய பிறகு, தெரிந்தவர் பக்கத்தில் நிற்கக் கற்க வேண்டியது அது. பத்தொன்பது ஆண்டு ஆடிய ஒருவருக்கு உச்சந்தலையில் கட்டி வளர்ந்து அறுவைசிகிச்சையில் அகற்றியதை 2024இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது.

மோதலைப் பார்ப்பது

ஒருவர் ஆடி முடித்ததும் எதிராளி பதில் ஆடுவார். இதற்கு பேட்டில் என்று பெயர். தொடக்கூடாது. கையால் குத்துவதுபோல் காட்டலாம், முறைக்கலாம், 'நீ போட்டது எனக்கும் தெரியும்' என்று சைகை செய்யலாம். முதல் தடவை பார்க்கிறவருக்குச் சண்டை மாதிரித் தோன்றும். முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். எந்தப் பாட்டு ஒலிக்கும் என்பது டிஜே கையில். ஆட்டக்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே எட்டுக் கணக்கில் மனப்பாடம் பண்ணி வந்த ஆட்டம் அங்கே செல்லாது.

அடுத்தவர் உருவாக்கிய அசைவைத் திருடி ஆடுவது பெரிய இழுக்கு. பைட்டிங், அதாவது கடித்தல் என்பார்கள். அடிப்படை அடவுகள் எல்லாருக்கும் பொது; ஆனால் ஒருவர் தனக்கென்று கண்டுபிடித்ததை இன்னொருவர் போட்டால் எதிராளி கடிப்பதுபோல் சைகை காட்டுவார். அதைப் பார்த்தால் என்ன நடந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆகஸ்ட் 9, 10 தேதிகளில் பிரேக்கிங் நடந்தது. ஒன்பது நடுவர்கள், ஐந்து அளவுகோல்: உடல் நுட்பம், அசைவுகளின் வகைமை, பிசிறில்லாமல் செய்து முடிப்பது, இசையோடு ஒட்டுவது, தனித்தன்மை. ஐந்துக்கும் சம எடை. ஐந்திலே இரண்டு, இசையும் தனித்தன்மையும், கட்டுமஸ்தான உடம்பை மட்டும் வைத்து வாங்க முடியாதவை. அந்தப் போட்டியில் ஒரு பெண்ணின் ஆட்டத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கேலி செய்து பரப்பினார்கள். நம் ஊர் வாட்ஸாப் குழுக்களிலும் அதுதான் சுற்றியது. பிரேக்கிங் என்றாலே அந்தத் துண்டு என்று நினைப்பவர்கள், தங்கம் வென்ற ஜப்பானின் ஆமி, லிதுவேனியாவைச் சேர்ந்த பதினேழு வயது நிக்காவோடு மோதிய இறுதிச் சுற்றை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ஆமியின் கால்வேலையில் எங்கே முடிச்சு, எங்கே அவிழ்ப்பு என்றே தெரியாது.

அடுத்து ஆண்கள் பிரிவில் வென்ற கனடாவின் ஃபில் விசார்டைப் பாருங்கள். பிறகு 2019இல் மும்பையில் நடந்த ரெட் புல் பிசி ஒன் உலக இறுதிப்போட்டியில் வென்ற நெதர்லாந்தின் மென்னோ. தனித்தன்மை என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் அவரைத்தான் காட்டுவேன். தென் கொரியாவின் ஹாங் டென் அதே பட்டத்தை 2006இல் வென்றார், 2013இல் வென்றார், 2023இல் மறுபடி வென்றார். முதலுக்கும் மூன்றுக்கும் நடுவே பதினேழு ஆண்டு. வெறும் பலத்தால் ஆகிற காரியமா இது? நம் நாட்டில் மும்பையின் ஆரிஃப் சௌத்ரியையும், பெங்களூரின் யோஹானா ரோட்ரிக்ஸையும் தேடிப் பாருங்கள்.

கடைசியாக, மாண்ட்ரியாலைச் சேர்ந்த லூகா பட்டுவெலி 2007இல் தொடங்கிய இல்-அபிலிட்டீஸ் குழு. பிறவியிலேயே மூட்டுகள் இறுகிய உடம்பு அவருடையது, ஊன்றுகோலோடு நடப்பவர். அந்த ஊன்றுகோலையே கையின் நீட்சியாக்கித் தனக்கென்று ஓர் ஆட்டம் கட்டியிருக்கிறார். அந்தக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் உடம்புக்கு எது வருமோ அதிலிருந்து ஆட்டத்தைக் கட்டுகிறார்கள். ஆடத் தகுந்த உடம்பு என்று தனியாக ஒன்று உண்டு என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அவர்களைப் பார்த்த பிறகு போய்விட்டது.

வட்டத்தில் நிற்கும்போது

மேடையும் நடுவரும் இல்லாமல் வட்டமாக நின்று ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய் ஆடுவது சைஃபர். நேரில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள், பிரேக்கிங் பிறந்து வளர்ந்தது அதில்தான். வட்டத்தின் குறுக்கே நடக்காதீர்கள். ஆடும் தரையில் செருப்புக்காலோடு ஏற வேண்டாம். ஒரு சின்னக் கல் போதும், உள்ளங்கையைக் கிழிக்க. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், தலைகீழாக இருப்பவருக்குக் கண் கூசினால் திசை போய்விடும். 'தலைல சுத்து, தலைல சுத்து' என்று கத்தாதீர்கள். ஆடி வந்தவரிடம் பேச விரும்பினால், அந்த இறக்கத்தை எப்படிப் பழகினீர்கள் என்று கேளுங்கள். முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

திருவிழா நடத்தும் குழுவினருக்குத் தனியாகச் சில வார்த்தை. மேடையில் விரிக்கும் சிவப்புக் கம்பளம் இந்த ஆட்டத்துக்கு எதிரி. கை சிக்கும், முதுகுத் தோல் தேயும், மடிப்பு விழுந்தால் விரல் மாட்டும். புகை இயந்திரம் தரையில் மெல்லிய வழுக்கலைப் படியவிடும். ஜிகினாத் தாள் தூவினால் அதைவிட ஆபத்து. பாட்டைப் பாதியில் வெட்டாமல் ஓடவிடும்படி சவுண்டு சர்வீஸ்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

இந்த ஆடிக்கு எங்கள் தெருவில் பேசி வைத்திருக்கிறோம். மேடை நடுவில் எட்டுக்கு எட்டு அடி, கம்பளம் இல்லாமல் வெறும் பிளைவுட், ஓரங்களில் டேப், பக்கத்தில் துடைக்க இரண்டு காய்ந்த துண்டு. போன வாரம் பந்தல்காரரிடம் எதற்கு என்று விளக்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மண்டியிட்டு, பலகை முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தலை தூக்கியிருந்த இரண்டு ஆணிகளைச் சுத்தியலால் அடித்து இறக்கினார், மறுபடி ஒரு முறை தடவினார்.